தலையில் வைக்காத தோல்

மைக்செட் ரவி இருந்தான். கடை அவனுடையது. நாடகம் எழுதியதும் அவன்தான்.

இப்ராஹிம் பாய் இருந்தார். டேனரியில் தோல் ஊறுகிற டிரம் ஓட்டுகிறவர். நாடகத்தில் சுபேதார்.

குமார் இருந்தான். எங்கள் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். நாடகத்தில் வெள்ளைக்கார கர்னல். முகத்தில் போட்ட பவுடர் வேர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது.

மும்தாஜ் இருந்தாள். ஸ்டிச்சிங் செக்‌ஷனில் எனக்குப் பக்கத்து மிஷின்.

நான் இருந்தேன்.

மூலையில் ஒரு கோணிப்பை இருந்தது. அதற்குள் நாடகத்துக்கான தொப்பிகள். நானும் மும்தாஜும் தைத்தவை.

கடை ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. அதன் கீழே ரோட்டில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. கொஞ்ச நேரம் முன்பு வரை கால்கள் போய்க்கொண்டிருந்தன. இப்போது நின்றிருந்தன.

ஆம்பூர் பஜாரில் ஷட்டர் விழும் சத்தம் கேட்டது. முதலில் தூரத்தில். அப்புறம் துணிக்கடை. அப்புறம் பக்கத்தில் பிரியாணிக் கடை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். வியாபாரம் முடிந்து மூடினால் ஷட்டர் சோம்பலாக இறங்கும். பயந்து மூடினால் ஒரே இழுப்பில் விழும். அன்றைக்கு விழுந்தது.

மேஜை மேல் போன்கள் குப்புறக் கிடந்தன. மாறி மாறி நடுங்கின.

“இன்னாதான் போட்டுக் கீறானுங்க, படி,” என்றார் இப்ராஹிம் பாய்.

குமார் ஒரு போனை எடுத்துப் படித்தான். கம்பெனி குரூப்பில் அவன் போட்ட ஒத்திகை போட்டோதான். தொப்பி போட்டு எல்லாரும் வரிசையாக நிற்கிற படம். அதை யாரோ எடுத்து, பன்றித் தோலில் தொப்பி தைத்து முஸ்லிம் பிள்ளைகள் தலையில் வைக்கிறார்கள் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். தைத்தது செல்வி என்று என் பெயரும் இருந்தது.

“இன்னொண்ணு கீது,” என்றான் குமார். அவன் குரல் இறங்கிவிட்டது.

அது வேறு குரூப். அதே போட்டோ. அதில் பசுத்தோல் என்று இருந்தது. நம் பையன்கள் தலையில் வைக்கிறார்கள் என்று இருந்தது. தைத்தது மும்தாஜ் என்று இருந்தது.

“ஒரே தொப்பி எப்பிடிக்கா பசுவும் ஆவும், பன்னியும் ஆவும்?” என்று குமார் என்னைக் கேட்டான்.

“வெளிய நிக்கிறாங்க பாரு, அவுங்களப் போய்க் கேளு,” என்றாள் மும்தாஜ்.

நான் என் மகள் கவிதாவுக்குப் போன் போட்டேன். அவள் வீட்டில் தனியாக இருந்தாள். கைக்குழந்தை வேறு. மருமகன் ஓசூரில் வேலை. எங்கள் வீடு சிமெண்ட் ஷீட் போட்ட வீடு, தெரு முனையில் முதல் வீடு. யாரும் வழி கேட்காமல் வந்துவிடலாம்.

“கதவ சாத்திக்க. லைட்ட அணச்சிடு,” என்றேன்.

“இன்னாம்மா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. சாத்திக்க.”

ரவியின் நாடகம்

கம்பெனியில் நான் சேர்ந்த கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதினேன். இது அதற்கு ரொம்ப வருஷம் பின்னால் நடந்தது. சொல்லப் போனால் நேற்று மாதிரி. இன்றைக்கும் ஷட்டர் வேகமாக விழுந்தால் என் கை மிஷினில் நின்றுவிடும்.

நாடகம் வேலூர்க் கோட்டைக் கதை. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆன கதை. வெள்ளைக்காரனை எதிர்த்து சிப்பாய்கள் எழுந்த கதை. வடக்கே பெரிதாக ஒன்று நடந்ததற்கு ஐம்பது வருஷம் முந்தியே இங்கே நடந்துவிட்டது, முதல் சுதந்திரப் போர் நம்முடையதுதான் என்று ரவி சொல்வான். எந்தக் கல்யாணத்துக்கு மைக் கட்டப் போனாலும் டெஸ்டிங் சொல்கிற சாக்கில் அதைச் சொல்லிவிடுவான். பெண் வீட்டுக்காரர்கள் பாட்டுப் போடச் சொல்லிக் கத்துவார்கள்.

நான் அந்தக் கோட்டையை என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்த்தேன். வேலூரில்தான் வைத்தியம். வார்டுக்குள்ளே விடமாட்டார்கள், சாயங்காலம்தான் பார்க்கலாம். பகலெல்லாம் கோட்டை எதிரில் உட்கார்ந்திருப்பேன். அகழித் தண்ணீர் பச்சையாக இருக்கும். கருங்கல் சுவர் வெயிலில் காய்ந்து சூடு வீசும். அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டு வந்தேன்.

ரவி சொல்லித்தான் தெரியும். அவன் சொன்னது இது.

கும்பினிக்காரன் மைசூர் சுல்தானைக் கொன்றான். சுல்தானின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் கொண்டு வந்து வேலூர்க் கோட்டைக்குள் வைத்தான். அரண்மனைதான். ஆனால் வெளியே போக முடியாது. அவர்களுக்குக் காவல் நின்றது யார் என்றால் நம் ஆட்கள். தமிழ் பேசுகிறவன், தெலுங்கு பேசுகிறவன், உருது பேசுகிறவன். அதில் பாதிப் பேர் முன்பு சுல்தானிடமோ, கும்பினி அழித்த பாளையக்காரர்களிடமோ வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். பாளையம் போனது, நிலம் போனது, வேறு வேலை இல்லை. கொன்றவனிடமே சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள்.

சம்பளமும் கம்மி. எத்தனை வருஷம் உழைத்தாலும் சுபேதாருக்கு மேல் போக முடியாது. மீசை முளைக்காத வெள்ளைக்காரப் பையன் வந்து தாடி நரைத்தவனை நிற்க வைத்துத் திட்டுவான்.

அதெல்லாம் பொறுத்தார்கள். அப்புறம் உத்தரவு வந்தது.

தாடியை எடு. மீசையை எல்லாரும் ஒரே அளவில் வை. நெற்றியில் விபூதி, நாமம் எதுவும் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தலைப்பாகையைக் கழற்று. இந்தப் புதுத் தொப்பியைப் போடு. அந்தத் தொப்பியில் ஒரு தோல் துண்டு இருந்தது.

அது எந்தத் தோல் என்று யாருக்கும் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. பசு என்று ஒருவன் சொன்னான். பன்றி என்று ஒருவன் சொன்னான். தொப்பி தலையில் ஏறினால் மதம் இறங்கிவிடும் என்று சந்தையில் பேசினார்கள். பக்கிரிகள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள்.

சிலர் போடமாட்டோம் என்றார்கள். அவர்களைப் பிடித்து மெட்ராசுக்கு அனுப்பினார்கள். அதில் இரண்டு பேருக்குச் சவுக்கடி. ஒருவன் முஸ்லிம், ஒருவன் இந்து. ஆளுக்குத் தொள்ளாயிரம் அடி என்று ரவி படித்துச் சொன்னான்.

“தொள்ளாயிரம் அடிக்கு ஒடம்பு இருக்குமா?” என்று இப்ராஹிம் பாய் கேட்டார்.

“இருக்காது பாய். ஆனா எண்ணுவான்.”

அட்டை வேண்டாம் என்றது

வேறு ஊராக இருந்தால் அந்தத் தொப்பியை அட்டையில் செய்திருப்பார்கள். கருப்புக் காகிதம் ஒட்டினால் மேடையில் யாருக்குத் தெரியப் போகிறது. ரவி அட்டைதான் வாங்கி வந்தான்.

நாங்கள்தான் சிரித்தோம்.

“தோல் ஊர்ல ஒக்காந்துகினு அட்டையில தோல் தொப்பியா?” என்றான் குமார். “முன் வரிசையில ஒக்கார்றவன் மொத்தப் பேரும் தோல் வேலைக்காரன். வாயால சிரிக்கமாட்டான்.”

எனக்கும் சரி என்று பட்டது. கம்பெனியில் கட்டிங் முடிந்து மிஞ்சும் துண்டுகளைத் தொட்டியில் போடுவார்கள். கேட்டுக்கொண்டு எடுத்துப் போகலாம். வாசல் கேட்டில் காட்டிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். ஷூவுக்கு உள்ளே வைக்கிற லைனிங் தோல் மெலிசாக இருக்கும், வளைக்கச் சுலபம். குமார் ஒரு பை நிறையக் கொண்டு வந்தான். ரவி கருப்புத்தான் வேண்டும் என்றான். குமார் வண்டிக்கு அடிக்கிற பெயிண்ட்டை வாங்கி அடித்துக் காய வைத்துத்தான் எங்களிடம் கொடுத்தான்.

நானும் மும்தாஜும் வேலை விட்டு வந்து தைத்தோம். உள்பக்கம் தலை வேர்க்காமல் இருக்கத் துணி வைத்து மூடினோம். நன்றாக வந்திருந்தது.

இப்ராஹிம் பாய் போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி கேட்டார். அவருக்குச் சவரக் காட்சி ஒன்று உண்டு. கர்னல் உத்தரவு போட்டு, தானே அவர் தாடியில் கத்தி வைக்க வேண்டும்.

“தாடி கிட்ட வராத,” என்றார் குமாரிடம். “கத்திய அப்பிடியே காத்துல வீசு. ஜனம் புரிஞ்சுக்கும்.”

“நான் கர்னல் பாய். நீங்க எனக்கு உத்தரவு போடக் கூடாது.”

“நீ எந்த ஊரு கர்னலு?”

“குடியாத்தம்.”

அன்றைக்கு ரொம்பச் சிரித்தோம். அந்த வேகத்தில்தான் குமார் போட்டோ எடுத்துக் கம்பெனி குரூப்பில் போட்டான். ஒரிஜினல் தோல் தொப்பி என்று கீழே எழுதினான். அதற்கு ஒருவன் எந்தத் தோலு என்று கேட்டான். இன்னொருவன் பன்னி லைனிங்கா இருக்கப் போவுது, பாத்துக்க என்று விளையாட்டுக்கு எழுதினான்.

விளையாட்டு அதோடு நின்றிருக்கும். ஆனால் அந்த வாரம் எங்கள் கம்பெனியில் ஒரு வெளிநாட்டு ஆர்டர் ஓடியது. அதற்குப் பன்றி லைனிங் கேட்டிருந்தார்கள். தனி மேஜை, தனித் தொட்டி. வேண்டாம் என்கிறவர்களை அந்த மேஜைக்குப் போடமாட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எல்லாருக்கும் தெரிந்ததால்தான் அந்த விளையாட்டு விளையாட்டாக நிற்கவில்லை.

அந்த விடியற்காலை

ரவி நாடகத்தில் சண்டையை எப்படி வைத்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

நடப்பதற்கு முன்னால் ஒரு சிப்பாய் போய் வெள்ளைக்காரனிடம் சொல்லிவிட்டான். இவர்கள் உங்களைக் கொல்லப் போகிறார்கள் என்று சொன்னான். வெள்ளைக்காரன் மற்றவர்களைக் கூப்பிட்டு விசாரித்தான். அவன் பைத்தியம், நம்பாதீர்கள் என்றார்கள். அவனைப் பிடித்து அடைத்து வைத்தார்கள். அந்த வேஷத்துக்கு யாரும் வரவில்லை. ரவியே செய்வதாக இருந்தான்.

சுல்தான் மகள் ஒருத்திக்குக் கோட்டைக்குள் கல்யாணம். கூட்டம் இருந்தது. அது முடிந்து, விடிவதற்கு முன்னால் சுட ஆரம்பித்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்கார சோல்ஜர்களை ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களையும் விடவில்லை. அந்த இடத்தை ரவி எழுதாமல் விட்டிருந்தான். இப்ராஹிம் பாய்தான் கேட்டார்.

“நோயாளியக் கொன்னது நெசமா?”

“நெசந்தான் பாய்.”

“அப்ப போடு. நம்மாளு செஞ்சதையும் போடு. இல்லன்னா சொல்லாத.”

ரவி சேர்த்தான்.

கோட்டையில் சுல்தான் கொடியை ஏற்றினார்கள். அதற்கு மேல் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சுல்தான் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். முன்னால் நிற்க அவர்கள் வரவில்லை. சிப்பாய்கள் பிரிந்து போனார்கள். சிலர் கஜானாவுக்குப் போனார்கள், சிலர் வீடு புகுந்து மூட்டை கட்டினார்கள். வாசலை ஒழுங்காகக் காக்க ஆள் இல்லை. வெளியே தப்பின வெள்ளைக்காரன் ஒருவன் ஆற்காட்டுக்குக் குதிரையில் போனான்.

ஆற்காட்டில் குதிரைப் படை இருந்தது. மேல்விஷாரம் வழியாக வேலூருக்கு இன்றைக்கு பஸ்ஸில் போகிற தூரம்தான். வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டார்கள். பீரங்கி வைத்துக் கதவைப் பிளந்தார்கள். உள்ளே வந்து வெட்டினார்கள். அரண்மனையில் ஒளிந்திருந்தவர்களை வெளியே இழுத்து வந்து சுவரோரம் நிற்க வைத்துச் சுட்டார்கள். பிடிபட்ட சிலரை அப்புறம் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

மத்தியானத்துக்குள் முடிந்தது.

சுவர்க் காட்சியை ஒத்திகை பார்க்கப் பழைய தோல் குடோன் ஒன்றின் பின்பக்கம் போனோம். எல்லாரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். முதலில் தள்ளிக்கொண்டு, கிண்டல் பேசிக்கொண்டு நின்றார்கள். ரவி டப்பாவைத் தட்டித் துப்பாக்கிச் சத்தம் போட்டான். ஒவ்வொருவராக விழ வேண்டும். பாதியில் பேச்சு நின்றது. விழுந்தவர்கள் உடனே எழுந்திருக்கவில்லை. குடோனின் உப்பு நாற்றம் அந்த நேரத்தில் எனக்கு வேறு மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் கும்பினிக்காரன் என்ன செய்தான் என்று நான் கேட்டேன்.

“தொப்பி உத்தரவ வாபஸ் வாங்கிட்டான்கா,” என்றான் ரவி.

பை

அந்தக் கடைக்கு வருகிறேன்.

வெளியே சத்தம் கூடியது. ஷட்டரில் யாரோ கையால் தட்டினார்கள். ஒரு தட்டு. ரவி தண்ணீர் பாட்டிலை எடுத்தான், திறக்காமல் வைத்தான்.

“எந்தத் தொட்டியிலருந்து எடுத்த?” என்று குமாரைக் கேட்டேன்.

“மொத தொட்டிக்கா. ஆட்டு லைனிங்.”

“நல்லா தெரியுமா?”

“மொத தொட்டிதான்.” போனைக் குப்புற வைத்தான். “ஷிப்ட் மாறுற நேரம். பெருக்குறவங்க தொட்டிய நவுத்தி வெப்பாங்க. மொத தொட்டிதான்னு நெனைக்கிறேன்.”

இப்ராஹிம் பாய் நெற்றியைத் துடைத்தார். அவர் அந்தத் தொப்பியை ஒத்திகை நாள் எல்லாம் போட்டிருந்தார்.

“தெச்சீங்களே, நீங்க பாக்கலையா?” என்று ரவி எங்களைக் கேட்டான்.

பெயிண்ட் அடித்ததால் மேல்பக்கம் தெரியாது. அடிப்பக்கம் தெரிந்திருக்கும். பன்றித் தோலுக்கு மயிர்க்கால் மூன்று மூன்றாக இருக்கும். ஓட்டை இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் வரை போகும். எங்கள் ஊரில் பத்து வயசுப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் நாள் முழுக்கத் தோல் பார்த்த கண் சாயங்காலம் தோலைப் பார்க்காது. தையல் கோட்டைத்தான் பார்க்கும். நான் அதைத்தான் பார்த்தேன்.

“ஞாபகம் இல்ல,” என்றேன்.

பை மூலையிலேயே இருந்தது. அதைத் திறந்து, ஒரு தொப்பியின் துணியைக் கிழித்தால் போதும். தெரிந்துவிடும். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தெரியாத வரைக்கும் இல்லை என்று சொல்லலாம். பார்த்துவிட்டால் அப்புறம் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தச் சிப்பாய்களுக்குத் தோல் தெரியாது. நாங்கள் தெரிந்தவர்கள். எங்களுக்கும் அதே பயம்தான் இருந்தது.

“வாரம் பூரா பசுத்தோலத் தொட்டுத்தான் சம்பளம் வாங்குறோம்,” என்றான் குமார். யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை. “எங்கப்பா தொட்டாரு. நெத்தியில பட்ட போட்டுகினு தொட்டாரு. இன்னா ஆச்சு?”

“கையால தொட்டாரு,” என்றார் இப்ராஹிம் பாய். “கால்ல போட்டாரு. தலையில வெச்சாரா?”

குமார் கன்னத்துப் பவுடரை நகத்தால் சுரண்டினான்.

“சம்பளத்துக்குத் தொடுறது வேற தம்பி. அது நம்ம இஷ்டம். சாயங்காலம் கை கழுவிட்டுப் போறோம். இன்னொருத்தன் நம்ம தலையில கொண்டாந்து வெச்சான்னா, அதக் கழுவ முடியாது. அவுங்க செத்தது தோலுக்கா செத்தாங்க?”

ஷட்டரில் மறுபடி தட்டினார்கள். இந்த முறை காலால். தகரம் அதிர்ந்து ஸ்பீக்கர் மேல் இருந்த தூசி கொட்டியது.

“செல்வி யாரு? வெளிய வரச் சொல்லு,” என்று ஒரு குரல்.

ரோட்டின் அந்தப் பக்கம் இருந்து இன்னொரு குரல் மும்தாஜ் பெயரைச் சொன்னது. கூடவே ஒரு கெட்ட வார்த்தை.

ரவி போலீசுக்குப் போன் போட்டிருந்தான். வருகிறோம் என்று சொன்னார்கள். பின்பக்கம் ஒரு கதவு உண்டு. அது சாக்கடைச் சந்துக்குப் போகும். “நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போய்டுங்கக்கா,” என்றான்.

“போனா வீட்டுக்குத்தான போவணும்,” என்றாள் மும்தாஜ். “வீடு எங்க கீதுன்னு அவனுங்களுக்குத் தெரியும்.”

அவள் எழுந்தாள். நேராக மூலைக்குப் போய்ப் பையைத் தூக்கினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்தேன்.

“இங்கயே பாத்துடு,” என்றேன். “பன்னியா இருந்தா?”

“இங்க பாத்துட்டு எடுத்துட்டுப் போனா, மாத்திட்டாங்கம்பான். பாக்காம எடுத்துட்டுப் போனாத்தான் நம்புவான்.”

“இருந்தா மும்தாஜ்?”

அவள் என்னைப் பார்த்தாள். “இருந்தா நானும் இருக்கேன்,” என்றாள்.

நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டியிருந்தாள். வேலை விட்டு அப்படியே வந்திருந்தாள். இப்ராஹிம் பாய் எழுந்து ஷட்டரைத் தூக்கினார். நான் மும்தாஜுக்குப் பக்கத்தில் நின்றேன். பின்கதவைத் திரும்பிப் பார்த்தேன். நின்றேன்.

ரோடு

ரோட்டின் இரண்டு பக்கமும் ஆட்கள். நடுவில் இடம் இருந்தது. தெருவிளக்கு ஒன்றுதான் எரிந்தது. முகம் முகமாகத் தெரியவில்லை. பைக் லைட்டுகள் கண்ணில் அடித்தன.

மும்தாஜ் பையை நடு ரோட்டில் கொட்டினாள். கருப்புத் தொப்பிகள் உருண்டன.

“நாந்தான் மும்தாஜ். இவங்கதான் செல்வி. ரெண்டு பேரும் சேர்ந்துதான் தெச்சோம்,” என்றாள். “உள்ள துணி கீது. இன்னும் பிரிக்கல. நாங்களும் பாக்கல. நீங்க எல்லாரும் தோல் வேலைதான செய்றீங்க. வந்து பாருங்க.”

யாரும் வரவில்லை.

அவ்வளவு நேரம் தட்டியவர்கள், திட்டியவர்கள், ஒருவரும் வரவில்லை. தொப்பியைத் தொட அவர்களுக்கும் பயம். கூட்டத்தின் பின்னால் யாரோ பார்ப்பதற்காகக் குதித்தார்கள். நான் என் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மும்தாஜ் உட்கார்ந்து ஒரு தொப்பியை எடுத்தாள். கத்தரியால் தையலை அறுத்தாள். துணியை இழுத்தாள். கிழிகிற சத்தம் கேட்டது. அதை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி நீட்டினாள். அவள் பார்க்கவில்லை. கூட்டத்தைத்தான் பார்த்தாள்.

இந்தப் பக்கம் இருந்து தாடி வைத்த ஒருவர் வந்தார். கம்பெனி பனியன் போட்டிருந்தார், வேறு கம்பெனி. போன் லைட்டைப் போட்டுக் குனிந்தார். அந்தப் பக்கம் இருந்து கையில் சிவப்புக் கயிறு கட்டிய ஒரு பையன் வந்தான். நகத்தில் கருப்புச் சாயம். பினிஷிங் செக்‌ஷனாக இருக்கும். அவனும் குனிந்தான். இரண்டு தலையும் முட்டுகிற அளவுக்குக் கிட்டே வந்தன.

தாடிக்காரர் விரலால் தடவினார். மடித்தார். விளக்குக்கு நேரே பிடித்தார்.



“ஆடு,” என்றார்.

“குடு,” என்று பையன் வாங்கினான். தடவினான். “ஆடுதான். செம்மறி.”

“செம்மறிக்கு நாரு எங்கடா இவ்ளோ நெருக்கமா இருக்கும்? வெள்ளாடு.”

“பாய், நான் நாளெல்லாம் செம்மறி பாக்குறவன்.”

“நான் நீ பொறக்கறதுக்கு முன்னருந்து பாக்குறேன்.”

கூட்டத்தில் இருந்து ஒருவன் வந்தான். அடுத்தது என்று கேட்டான். மும்தாஜ் அறுத்துக் கொடுத்தாள். அவன் ஒன்று சொன்னான். இன்னொருவன் இல்லை என்றான். ஒவ்வொரு தொப்பியாகக் கிழிந்தது. ஒவ்வொன்றாகக் கைமாறியது. கொஞ்ச நேரத்தில் ரோட்டில் சத்தம் வேறாகிவிட்டது. டேனரி வாசலில் சரக்கு இறங்கும்போது போடுகிற சத்தம் அது. வெள்ளாடா, செம்மறியா. கடைசித் தொப்பி வரைக்கும் ஆடுதான்.

“எவன்டா அனுப்பினது மெசேஜு?” என்று யாரோ கேட்டார்கள். எல்லார் போனிலும் அது இருந்தது.

தாடிக்காரர் தொப்பிகளைப் பொறுக்கிப் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். “போங்கம்மா,” என்றார். மன்னிப்பு எதுவும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பையன் மும்தாஜிடம், “நல்லா தெச்சிருந்தீங்க,” என்றான்.

“பிரிச்சாச்சே,” என்றாள் அவள்.

போலீஸ் ஜீப் அப்போதுதான் வந்தது. ரவி நாடகத்தைத் தள்ளி வைப்பதாக எழுதிக் கொடுத்தான். தள்ளி வைத்ததுதான். இன்று வரை நடக்கவில்லை. குமார் எந்த குரூப்பிலும் இப்போது இல்லை.

வீடு

ரோட்டில் நின்றவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நிற்காதவர்களுக்கு எப்படித் தெரியும். போனில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆடு என்று யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. அதை அனுப்பி என்ன ஆகப் போகிறது.

மும்தாஜை அவள் வீட்டு வாசல் வரை இப்ராஹிம் பாய் கொண்டுபோய் விட்டார். என்னைக் குமார் பைக்கில் ஏற்றி வந்தான். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு அணைந்திருந்தது. சாப்பாட்டு நேரம். ஒரு டிவி சத்தம் கூட இல்லை.

கதவைத் தட்டினேன். திறக்கவில்லை.

“கவிதா, நான்தான்.”

உள்ளே எதையோ இழுக்கிற சத்தம். பீரோவைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். திறந்தாள். குழந்தையைக் கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தாள். அது தூங்கிக்கொண்டிருந்தது. பால் நாற்றமும் புழுக்கமும்.

“நீ போன் பண்ணி கொஞ்ச நேரம் இருக்கும்மா,” என்றாள். “ஷீட்டு மேல தடதடன்னு.”

“யாரு?”

“தெரியல. ஓடுற சத்தம்தான் கேட்டுது. நான் இவன் வாயப் பொத்திகினேன்.”

“அழுதானா?”

“இல்ல. நான் பொத்தினதுலதான் அழுதான்.”

மேலே பார்த்தேன். ஷீட்டில் ஒரு மூலை உடைந்து வானம் தெரிந்தது. அதற்குக் கீழே தொட்டில் தொங்கியது. தொட்டில் துணியில் சிமெண்ட் தூளும் சில்லும் கிடந்தன. உதறினேன். வேறு துணி கட்டினேன். கட்டிவிட்டு அவிழ்த்தேன். வேறு மூலையில் கட்டினேன்.

எந்தப் பக்கத்து ஆட்கள் என்று பின்னால் நிறையப் பேர் என்னைக் கேட்டார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்லமாட்டேன்.

காலையில் வேலைக்குப் போக வேண்டும். எப்போதும் போல எழுந்து வாசலைப் பெருக்கினேன். துடைப்பத்தில் தடுத்த கற்களைக் கையால் பொறுக்கி ஒரு பக்கம் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஷீட் மேல் கிடந்தவற்றைக் கம்பால் தள்ளி இறக்கினேன். உள்ளே கட்டிலோரம் ஒன்று கிடந்தது, அதையும் கொண்டு வந்து வைத்தேன்.

கவிதா வாசலுக்கு வந்து நின்றாள்.

“எத்தினிம்மா?” என்றாள்.

எண்ணினேன்.

பதினேழு.